உள்ளூர்ப் பொடியனோட மோதலாமா பெரியண்ணன்?

ஒரே செப்டம்பர். பத்தே நாள். ரெண்டு பெரிய கோச்சுகளோட வேலை காலி!

முதல் விக்கெட் விழுந்தது 2025 செப்டம்பர் 13, சனிக்கிழமை ராத்திரி. இடம், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மலைப்பக்கம் இருக்கும் பிளாக்ஸ்பர்க். அங்கே வர்ஜீனியா டெக்னு ஒரு ஜாம்பவான் யுனிவர்சிட்டி. டீம் கிரவுண்டுக்குள்ள நுழையறப்ப மெட்டாலிகா பாட்டு அலறும், அறுபதாயிரம் பேருக்கு மேல ஒண்ணா எகிறிக் குதிப்பாங்க. அன்னிக்கும் குதிச்சாங்க. எதிர்ல வந்து நின்னது அதே மாநிலத்தோட கடற்கரைப் பக்கம் இருக்கும் ஓல்டு டொமினியன். 2009-ல்தான் ஃபுட்பால் டீமையே திரும்ப ஆரம்பிச்ச யுனிவர்சிட்டி. மேட்ச் முடிஞ்சப்ப ஸ்கோர் 45-26. ஜெயிச்சது யாரு? பொடியன்தான்! மறுநாள், ஞாயித்துக்கிழமைனுகூடப் பார்க்காம, கோச் பிரென்ட் பிரையை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

அடுத்த வெள்ளிக்கிழமை, செப்டம்பர் 19. ஓக்லஹோமா ஸ்டேட் தன்னோட சொந்த ஊரான ஸ்டில்வாட்டர்ல, அதே மாநிலத்தைச் சேர்ந்த குட்டி யுனிவர்சிட்டி டல்ஸாகிட்ட 19-12-னு பல்பு வாங்குச்சு. டல்ஸா அந்த ஊர்ல வந்து ஜெயிச்சது 1951-க்கு அப்புறம் அதான் முதல் தடவை. நாலே நாள்ல, 2005-லேர்ந்து கோச்சா இருந்த மைக் கண்டிக்கு ஆப்பு!

ரெண்டு டீமுமே அதுக்கு முன்னாடியே உதை வாங்கிட்டுத்தான் இருந்தாங்க, அது வேற கதை. ஆனா ஒரு விஷயத்தைக் கவனிங்க. வெளி மாநிலத்துக்காரன்கிட்ட தோத்தப்ப பொறுத்துக்கிட்டாங்க. பக்கத்து வீட்டுப் பொடியன்கிட்ட தோத்தப்பதான் பொறுக்கலை.

அதனாலதான் அமெரிக்கா முழுக்க ஒரு பழைய பஞ்சாயத்து திரும்பத் திரும்ப வருது. பெரிய யுனிவர்சிட்டி, சொந்த மாநிலத்துல இருக்கிற சின்ன யுனிவர்சிட்டியோட விளையாடணுமா, கூடாதா?

'இது நம்ம ஏரியா இல்லையே பாஸ்'னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. மேட்டர் பந்து பத்தி மட்டும் இல்லை. உங்களை மாதிரி காலேஜ் பசங்க கட்டுற ஃபீஸும் இதுல மாட்டியிருக்கு.

காசு கொடுத்து உதைக்கிற விளையாட்டு

இங்கே ஃபுட்பால்னா நம்ம கால்பந்து இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கிட்டு, முட்டை வடிவப் பந்தைக் கட்டிப்பிடிச்சுட்டு ஓடுற அமெரிக்கன் ஃபுட்பால். காலேஜ் மேட்ச்சுக்கே லட்சம் பேர் கூடுவாங்க. மிச்சிகன் ஸ்டேடியத்துல 1,07,601 பேர் உட்காரலாம். எம்.எஸ். படிக்க அமெரிக்கா போன சீனியர் யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க, சனிக்கிழமை மேட்ச் இருந்தா அந்த ஊர்ல ரோட்டுல கார் நகராது.

2006-லேர்ந்து ஒவ்வொரு டீமுக்கும் ஸீஸனுக்கு 12 மேட்ச். அதுல எட்டு, ஒன்பது தன்னோட லீக்குக்குள்ளேயே போயிடும். மிச்சம் மூணோ நாலோ. அதை யாரோட ஆடறதுன்னு யுனிவர்சிட்டியே முடிவு பண்ணலாம். இங்கேதான் வியாபாரம் ஆரம்பிக்குது. 'எங்க ஊருக்கு வந்து ஒரு மேட்ச் ஆடிட்டுப் போங்க. திரும்ப உங்க ஊருக்கு நாங்க வர மாட்டோம். அதுக்குப் பதிலா இந்தாங்க பணம்!' இதுக்குப் பேரு கேரன்டி கேம். பெரிய டீமுக்கு ஒரு சுலபமான வெற்றி, டிக்கெட் வசூல், பார்க்கிங், பாப்கார்ன் எல்லாம் லாபம். சின்ன டீமுக்கு உதையும் செக்கும்.

எவ்வளவு பணம்? 2007-ல் மிச்சிகன், அப்பலாச்சியன் ஸ்டேட்டைக் கூப்பிட 4 லட்சம் டாலர் கொடுத்துச்சு. 2017-ல் எல்.எஸ்.யூ., ட்ராய் யுனிவர்சிட்டிக்குக் கொடுத்தது 9,85,000 டாலர். 2024-ல் நோட்ர டேம், நார்தர்ன் இல்லினாய்ஸுக்குக் கொடுத்தது 14 லட்சம் டாலர். ஹிஹி... இந்த மூணு மேட்ச்லயும் காசு வாங்கின டீம்தான் ஜெயிச்சுது! 34-32, 24-21, 16-14. காசைக் கொடுத்து சூனியம் வெச்சுக்கிறதுன்னு கேள்விப்பட்டிருப்பீங்களே, அது இதான்.

ஆனா இதெல்லாம் எப்பவாவது நடக்கிற அதிசயம். சாதாரணமா நடக்கிறது வேற. 2022-ல் கென்ட் ஸ்டேட்டோட கதையைப் பாருங்க. ஓஹையோ மாநிலத்து யுனிவர்சிட்டி. அந்த ஒரே செப்டம்பர்ல நாட்டோட மறுகோடியில இருக்கிற வாஷிங்டனுக்குப் போய் 45-20 உதை. அடுத்து ஓக்லஹோமாவுக்குப் போய் 33-3 உதை. அப்புறம் அப்போதைய சாம்பியன் ஜார்ஜியாகிட்ட போய் 39-22. மூணுக்கும் சேர்த்துக் கிடைச்சது 52 லட்சம் டாலர். அன்னிக்கு நம்ம காசுல 40 கோடிக்கு மேல! இத்தனைக்கும் கென்ட்லேர்ந்து பஸ் ஏறினா ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல ஓஹையோ ஸ்டேட் இருக்கிற கொலம்பஸ் வந்துடும்.

1921-லேர்ந்து ஒரு பயம்

அந்த ஓஹையோ ஸ்டேட் கதையைக் கொஞ்சம் நிதானமாப் பார்க்கலாம். ஏன்னா, இந்தக் கேள்விக்கு 'கூடாது'ங்கிற பதிலையும் 'ஆடலாமே'ங்கிற பதிலையும் ரெண்டையும் ஒரே ஆள் சொல்லியிருக்கிற இடம் அதுதான்.

ஓஹையோவுல முதல் வரிசை ஃபுட்பால் ஆடுற யுனிவர்சிட்டி மொத்தம் எட்டு. அதுல ஓஹையோ ஸ்டேட் யானை. மத்ததெல்லாம் ஆடு, மாடு, குதிரை. இந்த யானையைச் சொந்த மாநிலத்து டீம் ஒண்ணு கடைசியா ஜெயிச்சது எப்போ தெரியுமா? 1921! 7-6-னு ஜெயிச்ச அந்த ஓபர்லின் காலேஜ் இன்னிக்கு பாட்டு, பியானோ, வயலினுக்குப் பேர் போன இடம். 2025 ஸீஸன் முடியற வரைக்கும் அந்த ரிக்கார்டை யாராலும் உடைக்க முடியலை.

முடியலைங்கிறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ஆடினாதானே தோக்கறதுக்கு? 1934-க்கு அப்புறம் 1992 வரைக்கும், கிட்டத்தட்ட அறுபது வருஷம், ஓஹையோ ஸ்டேட் சொந்த மாநிலத்து டீம் ஒண்ணோடகூட ஆடலை. பெரிய கோச்னு கும்பிடுற வுடி ஹேஸ் (1951-லேர்ந்து 1978 வரை) அங்கே வர்றதுக்கு முன்னாடி அதே மாநிலத்துல இருக்கிற மயாமி யுனிவர்சிட்டியில கோச்சா இருந்தவர்தான். அவர் காலத்துலயும் கதவு திறக்கலை. லாஜிக் ரொம்ப சிம்பிள். ஜெயிச்சா 'அடப் போய்யா, சின்னப் பசங்கதானே'ம்பாங்க. தோத்தா நூறு வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவாங்க. அதைவிட முக்கியம், ஊர்ல இருக்கிற ப்ளஸ் டூ பசங்க 'அங்கேயும் போகலாம் போலிருக்கே'ன்னு யோசிக்க ஆரம்பிச்சுடுவாங்க.

அப்புறம் 1992-ல் பவுலிங் கிரீன் வந்தது. 2001-ல் ஜிம் ட்ரெஸல் கோச்சா வந்தார். அவர் அதே மாநிலத்து யங்ஸ்டவுன் ஸ்டேட்ல 15 ஸீஸன் இருந்து, நாலு தடவை இரண்டாம் நிலை சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். சின்ன இடத்தோட அருமை தெரிஞ்சவர். அவர் காலத்துல, எப்படியும் யாருக்கோ கொடுக்கப்போற பணத்தை ஓஹையோவுக்குள்ளேயே கொடுப்போமேங்கிற வழக்கம் ஊறிப்போச்சு. ஆக்ரன், டொலீடோ, கென்ட், யங்ஸ்டவுன்னு வரிசையா வந்தாங்க. (ட்ரெஸல் 2025-லேர்ந்து அந்த மாநிலத்தோட துணை கவர்னர். ஃபுட்பால் கோச் எங்கே போய் முடியறார் பாருங்க!)

மொக்கை மேட்ச்தானேன்னு நினைக்காதீங்க. 2002-ல் சின்சினாட்டி ஊருக்கே போய் ஆடின ஓஹையோ ஸ்டேட், தட்டுத் தடுமாறி 23-19-னு தப்பிச்சுது. அந்த மேட்ச் மட்டும் கைவிட்டுப் போயிருந்தா அந்த வருஷத்து தேசிய சாம்பியன் பட்டமும் போயிருக்கும். 2011-ல் டொலீடோவோட 27-22, நூலிழை.

2010-ல் நடந்த கூத்து இன்னும் பிரமாதம். ஓஹையோ யுனிவர்சிட்டின்னு ஒண்ணு இருக்கு. 1804-ல் ஆரம்பிச்சது. ஓஹையோ ஸ்டேட் பிறந்ததே 1870-ல்தான். ஆனா ஊர் உலகத்துக்கு 'ஓஹையோ'ன்னா தம்பிதான் ஞாபகம் வரும். அண்ணனுக்கு எரியாதா? மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, ஓஹையோ யுனிவர்சிட்டியோட காட்டுப்பூனை வேஷம் போட்ட ஆள், ஓஹையோ ஸ்டேட்டோட கொட்டைத்தலை வேஷக்காரர் புரூட்டஸ் மேல பாஞ்சு, கீழே தள்ளி, ஒரு பிடி பிடிச்சுட்டார். அப்புறம் விசாரிச்சா, 'அந்த வேஷத்துக்கு ஆள் எடுக்கறப்ப நான் சேர்ந்ததே இதுக்காகத்தான்'னு ஒத்துக்கிட்டார்! மேட்ச்ல ஓஹையோ ஸ்டேட் 43-7-னு ஜெயிச்சுது. அது யாருக்கு ஞாபகம் இருக்கு?

இந்தக் காரணத்துக்காகத்தான் நான் 'ஆடணும்' கட்சி. அந்தச் சின்ன டீம்கள்ல இருக்கிற பசங்க பல பேர் அதே ஓஹையோவுல பிறந்து, சின்ன வயசுல ஓஹையோ ஸ்டேட் டி-ஷர்ட் போட்டுத் திரிஞ்சவங்க. 'நீ போதாது தம்பி'ன்னு யானை ஒதுக்கின பசங்க. அவங்களுக்கு லட்சம் பேர் உட்காருற அந்த ஸ்டேடியத்துல ஒரு சனிக்கிழமை கிடைக்குது. அம்மா, அப்பா, ஸ்கூல் வாத்தியார்னு எல்லாரும் கார் எடுத்துட்டு வந்து பார்க்கலாம். அதே பையன் ஸியாட்டில்ல போய் உதை வாங்கினா யார் பார்ப்பா?

'நீங்க சொல்றது சரி, ஆனா...'

ஆடக் கூடாதுன்னு சொல்றவங்க பயந்தாங்கொள்ளிகள்னு ஒதுக்கிட முடியாது. அவங்க கேட்கிற கேள்வியில ஒண்ணு ரொம்ப வலுவானது. இந்த மோதல்ல பசங்க உடம்பு என்ன ஆகும்?

2024 வரைக்கும் முதல் நிலை டீமுக்கு 85 ஸ்காலர்ஷிப். இரண்டாம் நிலைக்கு 63. அதாவது எதிராளிகிட்ட மாத்தி மாத்தி இறக்க 22 தேறின ஆள் அதிகம். மூணாவது, நாலாவது க்வார்ட்டர்ல ஒருத்தன் மூச்சு வாங்கிட்டு நிக்கறப்ப எதிர்ல புதுசா ஒரு மலை வந்து நிக்கும். 2012-ல் ஜார்ஜியா மாநிலத்து சவான்னா ஸ்டேட், அடுத்தடுத்து ரெண்டு வாரம் ரெண்டு வெளி மாநிலப் பெரிய டீமோட ஆடுச்சு. ஓக்லஹோமா ஸ்டேட் 84-0. ஃபுளோரிடா ஸ்டேட் 55-0. ரெண்டாவது மேட்ச்சை மழை, இடியால மூணாவது க்வார்ட்டர்லயே நிறுத்திட்டாங்க. அந்தப் பசங்க மழையைக் கும்பிட்டிருப்பாங்க. இது விளையாட்டா? சத்தியமா இல்லை.

2015-ல் ஜார்ஜியாவோட ஆடப் போன சதர்ன் யுனிவர்சிட்டி வீரர் ஒருத்தருக்குத் தண்டுவடத்துல அடிபட்டு, நடக்க முடியாமப் போச்சு. ஜார்ஜியாக்காரங்க பணம் திரட்டி, அவர் குடும்பத்துக்கு வீடு கட்டிக் கொடுக்க உதவினாங்க. நேர்மையாச் சொன்னா, அவர் மோதினது மலை மாதிரி ஆளோட இல்லை, பந்தை உதைக்கிற வீரரோட. எந்த மேட்ச்லயும் நடக்கக் கூடிய விபத்து அது. ஆனாலும் 'காசுக்காகப் போன மேட்ச்'ங்கிற வார்த்தை மனசை உறுத்தத்தான் செய்யுது.

அதனால என்னோட 'ஆடணும்'ல ஒரு 'ஆனா' இருக்கு. மாநிலத்துக்குள்ள இருக்கிற எல்லாரையும் வரிசைல நிக்க வெச்சு அடிக்கக் கூடாது. ஓரளவுக்குத் தாக்குப் பிடிக்கிற டீமா இருக்கணும். ஒரு ஸீஸன்ல ஒரு டீம் இப்படி ஒரு மேட்ச்சுக்கு மேல போகக் கூடாது. கென்ட் ஸ்டேட் 2024-ல் டென்னஸிகிட்ட 71-0, பென் ஸ்டேட்கிட்ட 56-0 வாங்கிட்டு, அந்த ஸீஸன்ல 12 மேட்ச்சும் தோத்துது. ரெண்டு செக் வந்துச்சு. டீம் போச்சு.

ஒரே ஊர்ல 100 வருஷம்

சில இடங்கள்ல ஆடாம இருந்ததுக்குக் காரணம் ஃபுட்பாலே இல்லை. லூசியானா மாநிலத்துல பேட்டன் ரூஜ்னு ஒரே ஊர். ஒரே மிஸிஸிப்பி ஆறு. ஒரு பக்கம் எல்.எஸ்.யூ. இன்னொரு பக்கம் சதர்ன் யுனிவர்சிட்டி. கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கி, 1914-லேர்ந்து அந்த ஊர்ல இருக்கிறது. எல்.எஸ்.யூ. டீம்ல கறுப்பின வீரர்கள் ஆடவே 1970-களின் தொடக்கம் வரைக்கும் ஆச்சு. ரெண்டு டீமும் முதன்முதலா மோதினது எப்போன்னு நினைக்கிறீங்க? 2022 செப்டம்பர் 10!

ஸ்கோர் 65-17. எல்.எஸ்.யூ. ஜெயிச்சுது. ஸ்கோரை மட்டும் பார்த்தா மொக்கை. ஆனா சதர்னோட பேண்டுக்குன்னே, 'ஹ்யூமன் ஜூக்பாக்ஸ்'னு பேர் எடுத்த அந்த வாத்தியக் குழுவுக்குன்னே, டிக்கெட் வாங்கின கூட்டம் இருக்கு. பாதி ஆட்டத்துல பாத்ரூம் போற வழக்கம் அன்னிக்கு இல்லை. அடுத்த வருஷமே அதே மாநிலத்துக் கிராம்ப்ளிங் ஸ்டேட் வந்தது. 408 வெற்றி கண்ட கோச் எடி ராபின்சன் உருவாக்கின டீம். 72-10 தோல்வி. பரவாயில்லை, வந்தாங்களே.

இந்த மாதிரி மேட்ச்சை 'சுலபமான வெற்றி'ங்கிற கணக்குல சேர்க்கறது அநியாயம்.

சரி, பில்லு யாரு கட்டுறா?

இப்போ உங்க பர்ஸ் பக்கம் வருவோம். பெரிய டீம்களுக்கு டி.வி. பணம் கொட்டுது. 2025-லேர்ந்து ஒரு யுனிவர்சிட்டி தன் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாவே வருஷத்துக்கு 2.05 கோடி டாலர் வரைக்கும் பகிர்ந்து கொடுக்கலாம்னு கோர்ட் சமரசம் ஆகிடுச்சு. சின்ன யுனிவர்சிட்டிக்கு ஏது அவ்வளவு? அங்கே டீமை ஓட்டறதுல பெரிய பங்கு மாணவர் ஃபீஸ். கேம்ப்பஸ்ல மேட்ச் பக்கமே எட்டிப் பார்க்காத கெமிஸ்ட்ரி மாணவியும் கட்டணும்.

வர்ஜீனியா மாநிலம் இதுக்காக 2015-ல் சட்டமே போட்டுச்சு. விளையாட்டுத் துறை வருமானத்துல மாணவர் ஃபீஸும் யுனிவர்சிட்டி பணமும் இவ்வளவுக்கு மேல போகக் கூடாதுன்னு உச்சவரம்பு. வர்ஜீனியா டெக் மாதிரி பெரிய லீக் டீம்களுக்கு 20 சதவிகிதம். ஓல்டு டொமினியன் மாதிரி டீம்களுக்கு 55 சதவிகிதம். அந்த இடைவெளியைப் பாருங்க. ஒரு பெரிய மேட்ச் செக் அங்கே என்ன பண்ணும்னு புரியும். வெளி மாநிலத்துக்குப் போற பணம், இந்தப் பசங்க ஃபீஸ் கட்டுற மாநிலத்துக்குள்ளேயே நின்னா என்ன கெட்டுப் போச்சு?

இன்னொரு சிக்கலும் வருது. பெரிய லீக்கான எஸ்.இ.சி., 2026-லேர்ந்து எட்டுக்குப் பதிலா ஒன்பது லீக் மேட்ச்னு அறிவிச்சுது. மிச்சம் மூணு. அதுல ஒண்ணு இன்னொரு பெரிய டீமோடதான் ஆகணும். அப்போ சின்ன டீம்களுக்கு மிஞ்சறது ரெண்டே ரெண்டு சீட்டு. அந்த ரெண்டுல ஒண்ணையாவது மாநிலத்துக்கு ஒதுக்குங்கன்னு கேட்கிறது பேராசையா?

வாங்க, எங்க ஊருக்கும்!

கடைசியா ஒண்ணு. காசைக் கொடுத்துக் கூப்பிடறது மட்டும் போதாது, சின்னவன் ஊருக்கும் பெரியவன் போகணும். வர்ஜீனியா டெக் போச்சு. 2018-ல் நார்ஃபோக்குக்குப் போய், அதுவரை மூணு மேட்ச்சும் தோத்திருந்த ஓல்டு டொமினியன்கிட்ட 49-35-னு வாங்குச்சு. பெஞ்சுல உட்கார்ந்திருந்த பிளேக் லரூஸ்ஸாவை நடுவுல இறக்கினாங்க. 495 கெஜத்துக்குப் பந்தை வீசித் தள்ளிட்டார் மனுஷன். பக்கத்து ஊர் வர்ஜீனியா பீச் பையன். அந்த ஸீஸன் முடிஞ்சதும் ஃபுட்பாலையே விட்டுட்டு இறையியல் படிக்கப் போயிட்டார்! 2022-ல் திரும்பவும் போச்சு வர்ஜீனியா டெக், திரும்பவும் தோத்துது, 20-17. அந்த ரசிகர்கள் 'இவங்களோட எதுக்கு ஆடணும்?'னு கொதிச்சது நியாயமான கொதிப்புதான். ஆனா 2010-ல் இதே வர்ஜீனியா டெக், இதே மாநிலத்து ஜேம்ஸ் மேடிசன்கிட்ட சொந்த ஊர்லயே 21-16 தோத்துச்சு. அப்போ ஜேம்ஸ் மேடிசன் இரண்டாம் நிலை டீம். தோத்த கையோட அந்த வருஷம் தன் லீக் சாம்பியன் ஆனதும் இதே வர்ஜீனியா டெக்தான்.

மிச்சிகன் ஸ்டேட் கதை இன்னும் எனக்குப் பிடிக்கும். 2009-ல் சொந்த ஊர்லயே சென்ட்ரல் மிச்சிகன்கிட்ட 29-27-னு கடைசி நிமிஷத்துல கோட்டை விட்ட டீம் அது. 'இனிமே இந்தப் பசங்க சங்காத்தமே வேணாம்'னு சொல்லியிருக்கலாம். சொல்லலை. 2012-ல் அதே சென்ட்ரல் மிச்சிகனோட சின்ன ஸ்டேடியத்துக்குப் போய் ஆடுச்சு. முப்பத்தஞ்சாயிரம் பேருக்கு மேல கூடினாங்க. அந்த ஸ்டேடியம் அதுவரை பார்க்காத கூட்டம். 41-7, ஜெயிச்சது மிச்சிகன் ஸ்டேட். 2015-ல் நாட்டுலயே அஞ்சாவது ரேங்க்ல இருக்கறப்ப, ஸீஸனோட முதல் மேட்ச்சுக்கே கலமஸூ ஊருக்குக் கிளம்பிப் போச்சு. எதிரி வெஸ்டர்ன் மிச்சிகன். அங்கேயும் ஸ்டேடியம் நிரம்பி வழிஞ்சுது. 37-24, சுலபமா விட்டுக் கொடுக்கலை பசங்க. ஜெயிச்சுட்டு ஊர் திரும்பின மிச்சிகன் ஸ்டேட், அந்த வருஷம் தேசிய செமி ஃபைனல் வரைக்கும் போச்சு.

ஓஹையோ ஸ்டேட் 2009-ல் டொலீடோவோட 'வெளியூர் மேட்ச்' ஆடுச்சு. எங்கே தெரியுமா? டொலீடோவுல இல்லை. கிளீவ்லேண்ட்ல இருக்கிற புரொஃபஷனல் டீமோட ஸ்டேடியத்துல!